புதிதாகச் செய்த சவரக்கத்தி: மூன்றில் எதை எடுப்பது?

நுரைக்கிண்ணம் கேட்டது:

வணக்கம். சேஃப்டி ரேஸரிலிருந்து மடக்குச் சவரக்கத்திக்கு மாறப் போகிறேன். பிளேடு மாற்றிக்கொள்ளும் ஷேவெட் வேண்டாம், தீட்டிப் பயன்படுத்தும் கத்திதான் வேண்டும். பழைய கத்தி வாங்கித் துரு எடுத்து, கைப்பிடி மாற்றி உருவாக்கும் வேலைக்கும் நான் ஆள் இல்லை. புதிதாகச் செய்ததாக இருக்க வேண்டும். தாடி அடர்த்தி, மயிரும் தடிப்பு. கழுத்தில் மயிர் வளரும் வாட்டம் ஒரே சீராக இல்லை.

மூன்று கத்திகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அ) 5/8 அங்குல அகலம், ஃபுல் ஹாலோ (பக்கங்கள் ஆழமாகக் குழித்தது), கார்பன் ஸ்டீல், உருண்டை முனை, அக்ரிலிக் கைப்பிடி.
ஆ) 6/8 அகலம், ஹாஃப் ஹாலோ (குழிப்பு குறைவு), துருப்பிடிக்காத ஸ்டீல், சதுர முனை, மரக் கைப்பிடி. முதுகில் தங்கப்பூச்சு.
இ) 7/8 அகலம், அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் ஸ்டீல், எலும்புக் கைப்பிடி. மற்ற இரண்டையும்விட மிக மலிவு.

மூன்று விற்பனையாளர்களுமே "வந்ததும் சவரம் செய்யலாம்" என்கிறார்கள். இதை நம்பலாமா? அகலம், ஹாலோ, ஸ்டீல், முனை இவற்றில் எதை முதலில் பார்ப்பது?

—

சாணைக்கல் எழுதியது:

முதலில் "இ"-யை எடுத்துவிடுங்கள். டமாஸ்கஸ் என்பதால் சொல்லவில்லை. நல்ல டமாஸ்கஸ் கத்தி செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதில் அடுக்கு வெல்டிங், கடினமாக்கல், டெம்பரிங் (நொறுங்காமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குதல்), குழிச்சாணை என்று வேலை நிறைய. அதெல்லாம் முடித்த கத்தி, சாதாரணத் தொழிற்சாலைக் கத்தியைவிட மலிவாக இருக்க வழியே இல்லை. அப்படி விற்றால் ஒன்று, மேல்பரப்பில் அமிலத்தால் கோடு வரைந்திருப்பார்கள். இல்லையென்றால் கடினமாக்கும் வேலையை அரைகுறையாகச் செய்திருப்பார்கள். கல்லில் எவ்வளவு நேரம் தீட்டினாலும் பிசிறு வந்துகொண்டே இருக்கும், கூர் நிற்காது. பார்வைக்குச் சவரக்கத்தி, உள்ளே வெறும் இரும்புப் பட்டை.

அடுத்து, நீங்கள் கேட்ட நான்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வடிவக் கணக்கு. சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் (வெட்டும் விளிம்பு) முதுகும் ஒரே நேரத்தில் கல்லில் படுகின்றன. கோணத்தைக் கை முடிவு செய்வதில்லை, முதுகுதான் முடிவு செய்கிறது. அதனால் முதுகின் தடிமனுக்கும் கத்தியின் அகலத்துக்கும் உள்ள விகிதம் தப்பாகிவிட்டால் பிறகு எந்தக் கல்லாலும் சரிசெய்வது கடினம்.

கணக்கு எளிது. முதுகு கல்லில் படும் இடத்தில் அதன் தடிமனை மி.மீ.-இல் அளவிடுங்கள். அந்த இடத்திலிருந்து வாய் வரை அகலத்தை அளவிடுங்கள். தடிமனை அகலத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் வாயின் மொத்தக் கோணம் ஏறக்குறைய டிகிரியில் வந்துவிடும். 16 மி.மீ. அகலத்துக்கு 4.5 மி.மீ. முதுகு என்றால் சுமார் 16 டிகிரி. 15.5 முதல் 17.5 வரை வசதியான எல்லை. 14-க்குக் கீழே போனால் வாய் மிக மெலிந்து நுண்ணிய சில்லுகள் பெயரும். 19-ஐத் தாண்டினால் மயிரை வெட்டாமல் இழுக்கிற மாதிரி இருக்கும்.

குதி (கைப்பிடிப் பக்கம்), நடு, முனை என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். அகலமும் தடிமனும் சேர்ந்தே குறைந்துகொண்டு போனால் தவறில்லை, கோணம் மாறாது. அகலம் அப்படியே இருந்து முதுகு மட்டும் ஒரு முனையில் மெலிந்திருந்தால் அது சாணை போட்டதில் வந்த குறை.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: வெர்னியர் காலிபரின் தாடையை வாயில் வைக்காதீர்கள், பல் விழுந்துவிடும். முதுகை மட்டும் காலிபரால் பிடியுங்கள். அகலத்துக்குக் கத்தியைக் கட்டத்தாளில் படுக்க வைத்துப் படித்தால் போதும். கத்தி கையில் இல்லாதபோது விற்பவரிடமே அளவு கேளுங்கள். தான் விற்கும் பொருளை அறிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

—

மெல்லிழை எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஃபுல் ஹாலோ என்றால் வாய் மெலிது, ஹாஃப் ஹாலோ என்றால் வாய் தடிப்பு என்பது தவறு. வாயின் கோணம் முதுகால் வருகிறது, ஹாலோ எதுவானாலும் அது மாறாது. மாறுவது வாய்க்குப் பின்னால் உள்ள உடல்தான். ஃபுல் ஹாலோவில் இரு பக்கமும் ஆழமாகக் குழித்திருப்பதால் அந்த இடம் தகடு போல் இருக்கும், நகத்தால் லேசாகச் சுண்டினால் மெல்லிய ஓசை வரும். சவரத்தின்போதும் ஒவ்வொரு மயிரும் அறுபடும் சத்தம் கேட்கும். புதியவருக்கு அது ஒரு வழிகாட்டி, கோணம் பிசகினால் சத்தம் உடனே மாறிவிடும். ஹாஃப் ஹாலோ, குவார்ட்டர் ஹாலோ விறைப்பானவை, எடையும் கூடுதல். தடித்த மயிரில் அந்த எடையே பாதி வேலையைச் செய்யும்.

"அடர்ந்த தாடிக்கு ஃபுல் ஹாலோ ஆகாது" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூர் சரியாக இருந்து, கத்தியைத் தோலோடு 30 டிகிரிக்குள் படுக்க வைத்தால் ஃபுல் ஹாலோவும் தடித்த மயிரைச் சுத்தமாக எடுக்கும். கோணம் 45-க்கு நிமிரும்போதுதான் வாய் மயிரில் முட்டி, அதன் பின்னால் உள்ள மெல்லிய உடல் அதிரும். அதைக் கத்தியின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அகலம்: 4/8 சுறுசுறுப்பானது, ஆனால் நுரையைத் தாங்காது, ஒரே இழுப்பில் முதுகுக்கு மேல் வழிந்து கையில் வரும். 7/8, 8/8 நுரையை நிறையத் தாங்கும், ஆனால் மூக்குக்குக் கீழே கத்தியின் வாய் எங்கே படுகிறது என்று கண்ணில் தெரியாது. முதல் கத்திக்கு 5/8, 6/8 இரண்டுமே பொருத்தம். இந்த இரண்டுக்குள் அகலத்தை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

முனை: உருண்டையே எடுங்கள். சதுர முனை மீசை ஓரத்தையும் கிருதாவையும் கோடு போட்டது போல வெட்டத் தோதானது. ஆனால் காது மடலிலும் உதட்டின் ஓரத்திலும் அந்த மூலை கீறிவிடும். கத்தியை வாயின் நீளவாக்கில் ஒரு மயிரிழை நகர்த்தினாலே போதும், ரத்தம் வரும். சதுர முனைதான் கிடைக்கிறது என்றால், நுண்கல்லில் அந்த மூலையை மட்டும் இரண்டு மூன்று தடவை மெல்லத் தொட்டு மழுக்கித் தரச் சொல்லலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

கைப்பிடியில் அழகு இரண்டாம் பட்சம். மடக்கும்போது கத்தி இரு பக்கத் தகட்டுக்கும் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு நாள் வாய் உள்ளே தகட்டில் உரசும், அன்றைக்குத் தீட்டியதெல்லாம் வீண். எந்தக் கோணத்தில் விட்டாலும் கத்தி அங்கேயே நிற்கும் அளவுக்கு ஆணி இறுக்கமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கமும் கூடாது. மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், கொம்பு காய்ந்தால் வளையும். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை இல்லை.

—

தோல்வார் எழுதியது:

"வந்ததும் சவரம் செய்யலாம்" என்ற சொல்லுக்குச் சட்டபூர்வப் பொருள் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலான தொழிற்சாலைக் கத்திகள் இயந்திரத்தில் வாய் வைத்து, பாலிஷ் போட்டு வருகின்றன. அந்த வாய் கை மயிரைச் சிரைக்கும், தாடியில் இழுக்கும். அதனால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தீட்டியது தொழிற்சாலையா, கையால் தனியாகத் தீட்டினீர்களா? கடைசியாகப் போட்ட கல் எத்தனை கிரிட் (கல்லின் நுண்மை எண்)? தீட்டும் பசை தடவிய வாரில் (கூரைச் சீராக்கும் தோல் பட்டையில்) இழுத்தீர்களா? "1000-இல் வாய் பிடித்து, 4000, 8000 வழியாக 12000-இல் முடித்தேன், பிறகு தோலில் இழுத்தேன்" என்பது போல ஒரு பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். பெல்ஜியத்துக் கோட்டிக்யூல் போன்ற இயற்கைக் கல்லில் முடித்திருந்தால் கிரிட் எண் சொல்ல மாட்டார், அது பிழையல்ல. "மிகக் கூர்மையானது, காகிதத்தை வெட்டும்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். காகிதத்தைச் சமையலறைக் கத்தியும் வெட்டும்.

வந்த கத்தியின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது, அந்த ஒரு இழுப்பில் வாய் புரண்டுவிடும். கையில் உள்ள மயிரைத் தோலிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் தொட்டால் சத்தமில்லாமல் அறுந்து விழ வேண்டும், குதி முதல் முனை வரை ஒரே மாதிரி. பாதி இடத்தில் அறுந்து பாதி இடத்தில் தள்ளிவிட்டால் தீட்டல் முடியவில்லை என்று பொருள். தனியாகத் தீட்டி அனுப்பியிருந்தால் முதல் சவரத்துக்கு முன் நீங்கள் வாரில் இழுக்காதீர்கள். புதியவர் கையில் வார்தான் வாயை மழுக்குகிறது. கத்தியின் குறையா, வார் இழுத்ததன் குறையா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

ஸ்டீல் விஷயம். சவரக்கத்தி கார்பன் ஸ்டீல்களில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும், கடினம் ராக்வெல் அளவுகோலில் 60 எச்.ஆர்.சி. அளவில். துருப்பிடிக்காத ஸ்டீலையும் அதே கடினத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் அதில் உள்ள குரோமியம் கார்பைடு துகள்கள் மிகக் கடினமானவை என்பதால் கல்லில் நேரம் கூடுதலாக எடுக்கும். இயற்கைக் கல்லில் இன்னும் மெதுவாகப் போகும். சவரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேசப்படும் அளவுக்குப் பெரிதல்ல. குளியலறையிலேயே கத்தியை வைப்பவர் துருப்பிடிக்காததை எடுக்கலாம். துடைத்து, உலர்த்தி, வறண்ட இடத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் கார்பன் போதும். எதுவானாலும் தோல் உறைக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் வாய் கெடும், கண்ணுக்குத் தெரியாத அரிப்பு முதலில் அங்கேதான் தொடங்கும்.

"சோலிங்கன் ஸ்டீல்" என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோலிங்கன் ஜெர்மனியில் உள்ள ஊர், ஸ்டீலின் வகை அல்ல. அந்தப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1994-இல் வந்த விதியின்படி, உற்பத்தியின் முக்கியக் கட்டங்கள் எல்லாம் அந்தத் தொழிற்பகுதியிலேயே நடந்திருக்க வேண்டும். அங்கே கத்தி செய்பவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தே பொறிப்பார்கள், டோவோ, போக்கர், ரால்ஃப் ஆஸ்ட் போல. பிரான்ஸில் தியேர் ஊரின் தியே-இஸ்ஸார் இன்னொரு பழைய பெயர். செய்தவர் பெயரே இல்லாமல் ஊர்ப் பெயரும் "ஸ்டீல்" என்ற சொல்லும் மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கத்திக்கே எல்லாப் பணத்தையும் போட்டுவிடாதீர்கள், வாருக்கும் ஒதுக்குங்கள். 65 முதல் 75 மி.மீ. அகலத்தில் ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் தோல் உள்ளதாகப் பாருங்கள். அகலம் குறைந்தால் குறுக்காக இழுக்க வேண்டியிருக்கும், புதியவருக்கு அது சிரமம். முதல் வார் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை, அதில் வெட்டு விழத்தான் செய்யும்.

—

நுரைக்கிண்ணம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. "இ" போயாகிவிட்டது. மற்ற இரண்டு விற்பனையாளர்களிடமும் அளவும் படமும் கேட்டு வாங்கினேன்.

"அ": முதுகு 4.4, அகலம் 15.8. மூன்று இடத்திலும் இதே விகிதம்தான். கையால் தீட்டி 12000-இல் முடித்ததாகச் சொல்கிறார். ஆனால் படத்தில் வாயை ஒட்டிய பளபளப்பான பட்டை குதிப் பக்கம் அகலமாகவும் முனைப் பக்கம் ஒல்லியாகவும் இருக்கிறது. இரு பக்கமும் அப்படியே. முதுகில் கல் பட்ட தடமும் குதியில்தான் அகலம்.

"ஆ": முதுகு 6.1, அகலம் 18.6. தொழிற்சாலைக் கூர்தானாம், வேண்டுமானால் முதுகில் டேப் ஒட்டித் தீட்டித் தருகிறேன் என்கிறார். பட்டை சீராக இருக்கிறது.

"அ"-வில் இருப்பது முறுக்கா? "ஆ"-வை டேப் ஒட்டித் தீட்டலாமா?

—

சாணைக்கல் எழுதியது:

"ஆ"-வை முதலில் முடித்துவிடலாம். 6.1-ஐ 18.6-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 18.8 வருகிறது, துல்லியமாகப் போட்டால் 18.6. ஏற்கெனவே எல்லையின் ஓரம். மின்டேப் ஒரு சுற்று ஒட்டினால் பக்கத்துக்கு சுமார் 0.15 மி.மீ. கூடும், இரண்டு பக்கமும் சேர்த்து 0.3. கோணம் 19.5 ஆகிவிடும். தடித்த மயிருக்கு அது கண்டிப்பாக இழுக்கும். டேப் ஒட்டாமல் தீட்டினால் கோணம் பரவாயில்லை, ஆனால் முதல் தீட்டலிலேயே முதுகின் தங்கப்பூச்சு கல் படும் இடத்தில் கோடாக உரிந்துவிடும். பூச்சைக் காப்பாற்றினால் கூர் கெடும், கூரைக் காப்பாற்றினால் பூச்சு போகும். முதுகில் பூச்சு வைத்த கத்திகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு, முதுகு தடித்தவற்றில் இன்னும் மோசம். இதைத் தவிர்ப்பதே நல்லது.

இன்னொன்று, ஒருமுறை டேப் ஒட்டித் தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் நுண்கல்லில் போட்டால் கல் வாயின் நுனியைத் தொடவே தொடாது. பின்பகுதியை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும். தீட்டத் தீட்டக் கூர் வரவில்லை என்று திகைப்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

"அ"-வில் கோணம் 16, நல்ல கணக்கு. குதியில் பட்டை அகலமானது முறுக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. முறுக்கு இருந்தால் ஒரு பக்கம் குதியில் அகலம், மறுபக்கம் முனையில் அகலம் என்று மாறி வரும். இரு பக்கமும் குதியில், முதுகுத் தடமும் குதியில் என்றால், தீட்டியவர் வால் பக்கத்தில், அதாவது கைப்பிடியை ஒட்டிய தண்டில், கையை அழுத்தியிருக்கிறார். இல்லையென்றால் குதியருகே குழிப்பு ஆழமில்லாமல் ஸ்டீல் தடிப்பாக நின்றிருக்கும். இரண்டாவதாக இருந்தால் முதுகுத் தடம் இவ்வளவு மாறாது. ஆகவே முதல் காரணம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்குச் சவரம் நடக்கும், வாய் முனைவரை கூராகத்தான் இருக்கலாம். ஆனால் இதே கை மேலும் சில தடவை தீட்டினால் குதியின் அகலம் குறைந்துகொண்டே போகும். அவரிடம் இருக்கும் இன்னொரு கத்தியை, முடிந்தால் அதிகம் தீட்டாததை, அனுப்பச் சொல்லுங்கள்.

—

மெல்லிழை எழுதியது:

அந்தப் படத்தில் குதியருகே உள்ள தடித்த மேட்டைக் கவனித்தீர்களா? அதில் கல் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மேடு கல்லின் மேல் ஏறியிருந்தால் கத்தி தூக்கிக்கொண்டு, குதியின் வாய் கல்லில் படாது. அப்போது பட்டை அங்கே ஒல்லியாகத்தான் இருக்கும், உங்கள் படத்துக்கு நேர் எதிர். எனவே சாணைக்கல் சொன்னதையே நானும் சொல்கிறேன். ஆனாலும் பதிலுக்கு வரும் கத்தியில் அந்த மேடு கல்லோரத்துக்கு வெளியே நிற்கும்படி இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தி கைக்கு வந்ததும் ஒரு சோதனை: சமமான கண்ணாடியில் முதுகும் வாயும் படும்படி மெல்லப் படுக்க வையுங்கள், இழுக்காதீர்கள். முதுகின் ஒரு மூலையை விரலால் தட்டுங்கள். ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் ஆடாமல் நடு வாயின் கீழ் வெளிச்சம் தெரிந்தால் கத்தி வளைந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி ஆடினால் வாயே வில் போல லேசாக வளைத்துச் செய்தது. அது குறையல்ல, தீட்டும்போது சுழற்றி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். வாயின் நடுவில் உள்நோக்கிக் குழிவு இருந்தால் மட்டும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

—

தோல்வார் எழுதியது:

திருப்பி அனுப்பும் உரிமை இருக்கும்வரை கல்லிலோ வாரிலோ வைக்காதீர்கள். ஒரு இழுப்பு போட்டாலும் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். சோதனையெல்லாம் கண்ணாடியோடு, கண்ணோடு நிற்கட்டும்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், மேலே பூசி வரும் எண்ணெயை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, வாயைத் தொடாமல் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். எண்ணெயோடு வாரில் இழுத்தால் தோல் வழுக்கி, பிடிப்பே போய்விடும். முதல் சவரத்துக்குப் பிறகு வார் இழுக்கலாம்: துணியில் 20, தோலில் 40 முதல் 50. முதுகை முன்னால் விட்டு வாய் பின்னால் வர வேண்டும், வாரின் முடிவில் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வாயின் பக்கமாகத் திருப்பினால் வாரும் போகும், கூரும் போகும். வார் தொய்யக் கூடாது, தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி மடிந்து நுனியை உருட்டிவிடும். வேகம் வேண்டாம், கத்தியின் எடைக்கு மேல் அழுத்தமும் வேண்டாம்.

குரோமியம் ஆக்ஸைடு பசையை இப்போதே வாங்காதீர்கள். 0.5 மைக்ரான் பசை மங்கும் கூரைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட உதவும். கை பழகுமுன் பூசினால், வாரில் செய்யும் தவறு என்ன என்று தெரியாமலே போய்விடும். முதல் இரண்டு வாரம் கன்னத்தில் மட்டும், வாட்டத்தோடு மட்டும். கழுத்தில் வாட்டம் சீராக இல்லை என்றீர்களே, அதுவரை அங்கே உங்கள் சேஃப்டி ரேஸரே இருக்கட்டும்.